ஒன்பதாவது காரணம்

வெங்கிட்டுவின் மிளகாய் மில் தேசத்தின் சட்டப் புத்தகங்களுக்குள் நுழைந்தது ஒரு தும்மலால். அதற்கு முன்பு அது மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்தெருவில், கால்வாய்க் கரையோரமாக, ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்றையும் தோல் பெல்ட் ஒன்றையும் வைத்துக்கொண்டு எந்த உரிமையைப் பற்றியும் கவலைப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, குஜராத்தி சேட்டுகளின் ஊறுகாய்க்கு விதை நீக்கிய மிளகாய் என்று காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை அரைத்துத் தள்ளியது. மில்லுக்குப் பின்கட்டில் வெங்கிட்டுவும் அவன் மனைவி நீலாம்பாளும் குடியிருந்தார்கள். பாலக்காட்டிலிருந்து வந்து பதினைந்து வருஷத்தில் அவர்கள் சம்பாதித்த ஒரே சொத்து அந்த மில்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் மேலே யாருக்கோ ஒரு யோசனை வந்து, தூசி புகை நாற்ற நிவாரண அலுவலகம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். அதை மட்டாஞ்சேரியில் கொண்டுவந்து வைத்தார்கள். மிளகும் சுக்கும் ஏலமும் கருவாடும் கொப்பரையும் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிற ஊர் அது. நாற்றத்தை எடுத்துவிட்டால் பஜாரில் கதவும் பூட்டும்தான் மிஞ்சும். ஆனாலும் அலுவலகம் வந்துவிட்டது, அதுவும் மில்லுக்கு நேர் எதிர்மாடியில்.

திறப்பு விழா அன்று டைரக்டர் மாடி முகப்பில் நின்று பேசினார். "இன்று முதல் இந்த நகரம் சுதந்திரமாக மூச்சு விடும்" என்ற இடத்துக்கு அவர் வந்தபோது, கீழே வெங்கிட்டு ஒரு கல்யாண வீட்டுக்குக் குண்டு மிளகாய் அரைக்க ஆரம்பித்தான். டைரக்டர் பதினேழு தடவை தும்மினார். எண்ணிக்கை கட்டுக்கதை அல்ல. விழா நடவடிக்கைக் குறிப்பிலேயே அது இருக்கிறது; குமாஸ்தா ஒவ்வொன்றையும் கைதட்டல் என்று நினைத்து எழுதி, பிறகு அடித்துத் திருத்தியிருந்தார்.

அன்று மத்தியானமே இரண்டு பியூன்கள் மெழுகுவர்த்தியும் சிவப்பு அரக்கும் பித்தளை முத்திரையுமாக வந்தார்கள். வெங்கிட்டு சாப்பிட்ட கையோடு ஓடி வந்து ஏன் என்று கேட்டான். உத்தரவு என்றார்கள். யாரைக் கேட்டு உத்தரவு என்றான். உத்தரவு போட யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றார்கள். பூட்டுக்கு மேல் நாடா சுற்றி, அரக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டு, முத்திரையை அழுத்தி, காய்கிற வரைக்கும் ஊதிவிட்டுப் போனார்கள்.

"ஏன்னா, நான் ஒண்ணு பறயறேன், கேட்டேளா" என்றாள் நீலாம்பாள். "பொடி விழற வாயிலே ஒரு துணிப்பை இறுக்கிக் கட்டினா இந்தத் தும்மலே இருக்காது. ஆலத்தூர்லே எங்க சித்தப்பா மில்லுலே அப்படித்தான் பண்ணியிருந்தா. எதிர்மாடிக்குப் போயி தன்மையா அதைச் சொல்லிட்டு வாங்கோ. உப்புக் காத்தாக்கும் இங்கே. ஓடாத மோட்டார் ஒரு மழைக்காலம் தாங்காது."

வெங்கிட்டு கேட்கவில்லை. காது நன்றாக இருந்தது, கவனம்தான் வாசலில் இருந்தது. வாசலில் வக்கீல் நல்லசிவம் கையில் மல்லி மிளகாய்ப் பொட்டலத்தோடு நின்று, பூட்டின்மேல் இருந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லசிவம் நாகர்கோவில்காரர். அக்கரையில், எர்ணாகுளத்தில், பதினோரு வருஷமாக எல்லைத் தகராறும் வாடகைத் தகராறும் நடத்திக்கொண்டு, ஒரு தத்துவம் தன்னைத் தேடி வராதா என்று காத்திருந்தவர். பொடி அரைக்க வந்த இடத்தில் அது அரக்கு வைத்துத் தொங்கியது.

"சாமி, இது மில்லு இல்ல கேட்டீரா" என்றார். "இது கேள்வி. ஒரு மனுசன் பொழப்ப, அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, சர்க்கார் பூட்டலாமா? அரசியல் சாசனத்துல பத்தொம்பது ஒண்ணு ஜி இருக்கு. எந்தத் தொழிலும் செய்ய ஒமக்கு உரிமை. ஒமக்கு மில்லு தெறக்கணுமா, இல்ல இந்த நாட்டுக்கே ஒரு வழி தெறக்கணுமா?"

"ரெண்டும் தெறக்கட்டுமே" என்றான் வெங்கிட்டு. பிற்பாடு தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் அவன் ஆரம்பிப்பான். ஒன்றே போதும் என்று சொல்லியிருக்க வேண்டும் என்பான்.

வழக்கு ஒரு வருஷம் நடந்தது. தீர்ப்பு நாற்பத்திரண்டு பக்கம். எந்த அதிகாரியும், எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், ஒருவனுடைய தரப்பைக் கேட்காமல் அவன் பிழைப்பில் கை வைக்க முடியாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. பத்திரிகைகள் அதை மைல்கல் என்று எழுதின. வக்கீல்கள் படகுத்துறைக்கு வந்து வெங்கிட்டுவுக்கு மாலை போட்டார்கள். சட்டக் கல்லூரியில் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் அதைப் போர்த்திக்கொண்டே படகேறி, போர்த்திக்கொண்டே தெருவில் நடந்து வந்தான்.

"சாவி எங்கே?" என்றாள் நீலாம்பாள்.

கடைசிப் பாராவில் கோர்ட்டு இன்னொன்றும் சொல்லியிருந்தது. அலுவலகம் மனுதாரரை முறையாகக் கேட்டுப் புதிதாக முடிவெடுக்க வேண்டும். அதுவரை இப்போதுள்ள நிலை தொடரும். இப்போதுள்ள நிலை என்பது அரக்கு. நீலாம்பாள் உள்ளே போய், உரலை எடுத்துப் போட்டு, மிளகாயைக் கையால் இடிக்க ஆரம்பித்தாள். பின்சுவரில் மில்லைப் பார்த்து ஒரு கம்பி ஜன்னல் உண்டு. அதன் வழியாக ஒரு நீள மூங்கிலை விட்டு, நுனியில் சுற்றிய எண்ணெய்த் துணியால் மோட்டாரை வாரம் ஒரு தடவை துடைத்தாள். சீல் வைத்த கதவை அவள் தொடவில்லை. ஜன்னலுக்கு யாரும் சீல் வைக்கவில்லை.

எதிர்மாடியில் கேட்பு அறை என்று ஓர் அறை தயாரானது. வியாழக்கிழமை கேட்கும் நாள். ஒரு மேஜை, ஒரு மணி, மனுதாரருக்கு முதுகில்லாத ஒரு ஸ்டூல், சுவரில் தீர்ப்பின் நகல் கண்ணாடி போட்டு. டைரக்டர் அறையைத் திறந்துவைத்துப் பேசினார்.

"முன்பெல்லாம் நாம் கேட்காமல் மூடிக்கொண்டிருந்தோம். அது ராஜாக்கள் காலத்துப் பழக்கம். இனி ஒவ்வொரு குடிமகனையும் பொறுமையாக, முழுமையாகக் கேட்டுவிட்டு மூடுவோம். இதுதான் குடியரசு."

எல்லாரும் கைதட்டினார்கள். வெங்கிட்டுவும் தட்டினான், தன் பெயர் கண்ணாடிக்குள் இருந்ததால்.

கேட்பு பதினோரு வியாழன் நடந்தது. தீர்ப்பில் முழுமையாக என்ற சொல் இருந்தபடியால், மனுதாரர் போதும் என்று சொல்லாமல் அதை நிறுத்த அலுவலகத்துக்குப் பயம். போதும் என்று சொன்னால் உரிமை போய்விடுமோ என்று வெங்கிட்டுவுக்குப் பயம். மில்லைப் பற்றிய விஷயமெல்லாம் இரண்டாவது வியாழனோடு தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு தன் பூணூல் கல்யாணம், கல்பாத்தித் தேர், மாமனாருக்கும் தனக்கும் ஒரு பசுமாட்டைப் பற்றி வந்த மனஸ்தாபம் எல்லாவற்றையும் சொன்னான். டைரக்டர் கண்ணை மூடிக் கேட்டார். குமாஸ்தா எழுதினார். பன்னிரண்டாவது வியாழன் உத்தரவு வந்தது: கேட்கப்பட்டது. மூடப்படுகிறது.

நல்லசிவம் அதைப் படித்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார். "சாமி, அருமையான கேள்வி மாட்டியிருக்கு. தும்முனவனே தீர்ப்பு சொல்லலாமா?"

தும்மியவர் சொல்லக்கூடாது என்று அறுபதாம் வருஷம் தீர்ப்பாயிற்று. இது அறுபத்தெட்டு பக்கம். முடிவெடுப்பவர் இந்த விஷயத்தில் சொந்த விருப்பு வெறுப்பு இல்லாதவராக இருக்க வேண்டும். தும்மிய டைரக்டர் இனி இதில் எந்த வகையிலும் தலையிடக் கூடாது. இரண்டாவது பொன்னாடை வந்தது. அரக்கு அப்படியே இருந்தது.

அலுவலகம் நடுநிலை அதிகாரியைத் தேடியது. எல்லா ஊழியர்களையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு தட்டில் மிளகாய்ப் பொடியை முகத்துக்கு நேரே காட்டினார்கள். தும்மியவர்கள் மில்லுக்கு விரோதிகள் என்று விலக்கப்பட்டார்கள். தும்மாமல் அடக்கிக்கொண்டவர்கள் மில்லுக்கு வேண்டியவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டார்கள். கடைசியில் மிஞ்சியது பள்ளுருத்தியிலிருந்து வரும் கீழ்நிலை குமாஸ்தா ராசப்பன் ஒருவன்தான். அவனுக்குப் பிறந்ததிலிருந்து மூக்கடைப்பு. மிளகாயும் மல்லிகையும் அவனுக்கு ஒன்றே. அன்றே அவனுக்கு நடுநிலை அதிகாரி என்று பதவி கொடுத்து, கேட்பு அறையில் உட்கார வைத்தார்கள்.

ராசப்பன் நல்லவன். பசுமாட்டுக் கதைக்கு அவன் ஒருவன்தான் வருத்தப்பட்டான். ஆனால் உத்தரவு எழுதி அவனுக்குப் பழக்கமில்லை. பழைய கோப்பைப் பார்த்து 'மூடப்படுகிறது' என்று அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். காரணம் சொல்லாமல் மூடலாமா என்று நல்லசிவம் மறுபடியும் கையைத் தேய்த்துக்கொண்டு படகேறினார்.

அறுபத்திரண்டில் மூன்றாவது தீர்ப்பு வந்தது. நூற்றுப் பதினேழு பக்கம். அரசாங்கம் எதைச் செய்தாலும் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்றாவது பொன்னாடை சரிகை போட்டது. இதற்குள் வெங்கிட்டு நடக்கும் நடையே மாறியிருந்தது. பஜாரில் யாராவது சௌக்கியமா என்று கேட்டால், எந்த ஷரத்தின் கீழே கேட்கிறாய் என்பது போல் பார்ப்பான். கூட்டங்களில் பேசினான். வீட்டுக்கு அரிசி வாங்குவது உரல் வருமானத்திலிருந்து என்பதை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. நீலாம்பாளின் உள்ளங்கை காய்த்துப்போயிருந்ததையும் அவன் கவனித்ததில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ராசப்பன் வெள்ளைத்தாளும் பேனாவுமாகத் தெருவைத் தாண்டி வந்தான்.

"ஸ்வாமீ, காரணம் எழுதணும்னு கோர்ட்டு பறஞ்சாச்சு. எனக்கு ஒரு காரணமும் அறியாது. டைரக்டர் சாரோடு கேட்டேன். நான் இதிலே தலையிடக் கூடாதுன்னுட்டார். இந்தத் தெருவிலே சட்டம் அறிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"நன்னாயிருக்கே. என் மில்லை மூடறதுக்கு நான் காரணம் சொல்றதா?"

"வேண்டாம் ஸ்வாமி. நான் எழுதினதை ஒரு தடவை பார்த்தாப் போறும்."

வெங்கிட்டு தாளை வாங்கிப் பார்த்தான். 'மிளகாய் காரம். ஆகவே மூடப்படுகிறது' என்று எழுதியிருந்தது. அவனுக்கு அவமானமாக இருந்தது. மூன்று மைல்கற்கள் நட்ட மில், இருநூற்று இருபத்தேழு பக்கம் தீர்ப்பு வாங்கிய மில், இப்படி ஒரு சப்பைக் காரணத்தாலா மூடப்பட வேண்டும்?

"இதையா எழுதுவா? அக்கரையிலே ஒரு நிமிஷத்துலே கிழிச்சுடுவா" என்றான். "கிழிக்கற கேஸிலே ஜெயிச்சு என்ன பெருமை? உக்காரு. பத்தொன்பது ஒண்ணு ஜி-ன்னு போடு. அது என் உரிமை. அதுக்குக் கீழே பத்தொன்பது ஆறுன்னு போடு. பொதுஜன நன்மைக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். அது உங்க அதிகாரம். இப்போ எழுது, முதல் காரணம்."

வெங்கிட்டு நடந்துகொண்டே சொன்னான். ஜனநெருக்கமான இடம், குறுகலான தெரு, காற்று வீசும் திசை, மூத்திர வாடையை விடக் காரநெடி எந்த விதத்தில் வேறுபட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. அவனே அசந்துபோகும்படி வந்தது. எட்டு காரணம் ஆனதும் ராசப்பன் போதும் என்றான். எட்டு லட்சணமாக இல்லை, ஒன்பதாக இருக்கட்டும் என்று வெங்கிட்டு மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தான். எங்கிருந்தோ ஒரு வாக்கியம் தயாராக வந்து நாக்கில் நின்றது.

"எல்லாவற்றுக்கும் மேலாக, பொடி விழும் வாயில் ஒரு துணிப்பை கட்டியிருந்தால் தூசியே வந்திராது. மற்ற எட்டுக் காரணங்களுக்கும் இடமிருந்திராது. உரிமையாளர் நான்கு வருஷமாக அதைக்கூடச் செய்யவில்லை."

பின்கட்டில் உலக்கைச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. வெங்கிட்டு அதைக் கவனிக்கவில்லை. ஒன்பதாவதைத் திரும்பப் படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுத் தலையாட்டினான்.

சனிக்கிழமை உத்தரவு கைக்கு வந்ததும் அக்கரைக்கு எடுத்துக்கொண்டு போனான். நல்லசிவம் முதல் பக்கத்தில் சிரித்தார். இரண்டாவதில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவதில் கையைத் தேய்க்கவே இல்லை.

"யாரோ பெரிய மூள சாமி. எட்டையும் ஒடைச்சிருவேன். ஒம்பதாவத ஒடைக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"ஏன்னா அது உண்ம." நல்லசிவம் தாளைக் கீழே வைத்தார். "நானும் நாலு வருசமா வாறேன் போறேன், எனக்கும் தோணல. ஒரு துணிப்பைய நீரு ஏன்வே கட்டல?"

எழுதியது யார் என்பதைச் சொல்லாமல் வெங்கிட்டு உத்தரவை மடித்து எடுத்துக்கொண்டான். திரும்பி வரும் படகில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டான். தெரிந்தவர்கள் வழக்கம்போல் வழக்கைப் பற்றி விசாரித்தார்கள். அவன் காயல் தண்ணீரையே பார்த்தான். நாலு வருஷம் ஊரெல்லாம் தன்னைக் கேட்க வைத்த ஆள், ஒரு வாக்கியம் யாருடையது என்று கூடத் தெரியாமல் அதைத் தன்னுடையது என்று நினைத்துச் சொல்லியிருக்கிறான். துறையில் இறங்கும்போதுதான் அது நீலாம்பாள் சொன்னது என்று, ஆலத்தூர்ச் சித்தப்பாவோடு சேர்ந்து ஞாபகம் வந்தது.

நீலாம்பாள் அடுக்களைப் படியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். மடியில் மூன்று பொன்னாடைகளும் ஒன்றாக மூட்டப்பட்டு, நீளமான பையாக ஆகியிருந்தன.

"அந்த ஒம்பது காரணமும் நான்தான் எழுதினேன்" என்றான் வெங்கிட்டு.

"எட்டு நீங்க எழுதினது. ஒம்பதாவது என்னோடது" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒங்களைக் கேக்கணும்னு கோர்ட்டு மூணு தடவை சொல்லித்து. என்னைக் கேக்கணும்னு ஒரு கோர்ட்டும் சொல்லலை. அதனாலே நீங்களும் கேக்கலை."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனிடம் பதில் இருந்திருக்கும். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சரிகைப் பக்கம் உள்ளே போகட்டும், பொடி ஒட்டாது என்றாள்.

வியாழக்கிழமை அவளே எதிர்மாடிக்குப் போனாள். வெங்கிட்டு கூடப் போனான். ஸ்டூல் ஒன்றுதான் இருந்ததால் நின்றுகொண்டான். நீலாம்பாள் பையை மேஜைமேல் வைத்து, அதை எங்கே கட்டுவது என்று சொன்னாள். தூசி இல்லையென்றால் மற்ற எட்டும் நிற்காது என்று உத்தரவிலேயே எழுதியிருப்பதையும் காட்டினாள். நாலு நிமிஷம் ஆயிற்று. இன்னும் ஏதாவது பறயணுமா என்று ராசப்பன் பழைய கேட்புகளின் பழக்கத்தில் கேட்டான். ஒன்றும் இல்லை என்றாள். திறக்கலாம் என்று எழுதி, கீழே காரணமும் எழுதினான்.

சேதி கேட்டு டைரக்டர் பக்கத்து அறையிலிருந்து வந்துவிட்டார். "நான்கு வருஷம் கேட்டுக் கேட்டு மூடிய மில் இது. நான்கு நிமிஷம் கேட்டுத் திறந்துவிட்டால் கேட்பதற்கு என்ன மரியாதை இருக்கிறது? நாளைக்கு எல்லாரும் சுருக்கமாகப் பேச ஆரம்பித்துவிட்டால் இந்த அலுவலகம் என்ன செய்யும்?"

ராசப்பன் மெதுவாக, சுவரில் முதல் தீர்ப்புக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த இரண்டாவது தீர்ப்பைக் காட்டினான். தும்மியவர் தலையிடக் கூடாது. டைரக்டர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்தத் தீர்ப்பால் கண்ணெதிரே ஒரு காரியம் நடந்ததை வெங்கிட்டு அன்றுதான் பார்த்தான். ஒரு துளி சந்தோஷம் வந்தது. அதை வெளிக்காட்டிக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

அரக்கை உடைத்தார்கள். பெல்ட்டை எலி கடித்திருந்தது. மோட்டார் எண்ணெய்ப் பளபளப்போடு நேற்று நிறுத்தியது போல் இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் ஒரு தடவை முனகிவிட்டு ஓடியது. புது பெல்ட் மாட்டி மிளகாயைக் கொட்டினார்கள். பொன்னாடைப் பை காற்றில் உப்பி நின்றது, ஒரு துளி தூசி வெளியே வரவில்லை. வெங்கிட்டு மட்டும் ஒரு வாரம் வரைக்கும் எதிர்மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு தும்மல் வந்தால் டில்லி வரைக்கும் போகலாமே என்று ஒரு மூலையில் இன்னும் நப்பாசை இருந்ததாக அவனே ஒத்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டு மாதம் கழித்து சட்டக் கல்லூரியிலிருந்து இருபது மாணவர்கள் படகேறி வந்தார்கள். பாடத்தில் மூன்று இடத்தில் வருகிற மில்லை நேரில் பார்க்க வேண்டுமாம். மூடிய கதவையும் அரக்கையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஓடுகிற மில்லைப் பார்த்ததும் ஏமாற்றம். ஸ்வர்ணலதா என்ற மாணவி நோட்டைத் திறந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"சார், மூணு தீர்ப்பிலே எந்தத் தீர்ப்பாலே மில்லு தெறந்தது?"

வெங்கிட்டு யோசித்தான். கூட்டங்களில் பேசிய பழைய பேச்சு முழுவதும் தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டான்.

"அந்த மூணும் இல்லேன்னா தெறந்திருக்காது. ஆனா மூணாலேயும் தெறக்கலை. நாலாவதா ஒண்ணு இருக்கு."

"அது எந்த வால்யூம் சார்?"

"அச்சாகலை. ஆத்துலே சொன்னது. நாலு வருஷம் நான் கேக்காம இருந்துட்டேன்" என்றான். "இருங்கோ, சொன்னவாளையே கூப்பிடறேன்."

உள்ளே போனான். நீலாம்பாள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மிளகாயைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சட்டக் கல்லூரியிலிருந்து இருபது பேர் வந்து நிற்கிறார்கள், நீதான் பேச வேண்டும், நானும் உட்கார்ந்து கேட்கப்போகிறேன் என்றான். மோட்டார் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் கை நிற்கவில்லை.

"சேட்டு வீட்டு மிளகாய் இன்னும் ரெண்டு மூட்டை கிடக்கு. வியாழக்கிழமை வரச் சொல்லுங்கோ" என்றாள்.

வெங்கிட்டு வெளியே வந்து அப்படியே சொன்னான். ஸ்வர்ணலதா தேதியையும் கிழமையையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.